நவமணி எண்ணிய படிகள்

புந்தோங், ஈப்போ
12.6.1983

நவமணிக்கு,

சதாசிவம் எழுதுவது. உன் முகவரியைக் கருப்பம்மாள் சித்தியிடம் வாங்கினேன். அவருக்கு நீ ஆண்டுதோறும் தீபாவளிக்கு அட்டை அனுப்புவது எனக்குத் தெரியும். அட்டைகளை நான் படித்ததில்லை. ஸ்டாம்பை மட்டும் சித்தி கிழித்து என் மகனிடம் கொடுப்பார்.

இது ஒரு விசாரணைக் கடிதம். வேறு எதுவும் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

வரும் நவம்பரில் எங்கள் கோயில் குழுவில் பதினெட்டுப் பேர் காசிக்குப் போகிறோம். பத்துமலை அண்ணன்தான் தலைவர். காசியிலிருந்து பஸ் ஏறி காட்மாண்டு வந்து, நான்கு நாள் தங்கி, பசுபதிநாதரையும் அந்தப் பழைய நகரத்தையும் பார்ப்பதாகத் திட்டம். காசி வரைக்கும் பத்துமலை அண்ணனுக்கு சந்து பொந்தெல்லாம் அத்துப்படி. அதற்கு அப்பால் அவருக்கும் ஒன்றும் தெரியாது. "காட்மாண்டுல அவங்கவங்க ரூமை அவங்கவங்க பாத்துக்குங்க லா" என்று கையை விரித்துவிட்டார். மலை நகரம், குளிரும் என்பதால் எல்லோருக்கும் கொஞ்சம் பயம்.

எனவே எங்கே தங்கினால் நல்லது என்று தெரிந்துகொள்ள விரும்புகிறேன். கோயிலுக்குப் பக்கமாக இருக்குமா, வெந்நீர் வருமா, சைவச் சாப்பாடு கிடைக்குமா? உன் அண்ணி மாரியம்மாவுக்கு இரண்டு வருஷமாக இரத்தக் கொதிப்பு, முழங்காலும் சரியில்லை. அவ்வளவு உயரத்தில் மூச்சு விட முடியாது என்று பக்கத்து வீட்டில் யாரோ சொல்லிவிட்டார்கள். அது உண்மையா? அங்கே தண்ணீர் சீக்கிரம் கொதித்துவிடுமாமே, அதுவும் உண்மையா?

பதின்மூன்று வருஷத்துக்கு முன்னால் நம் ரப்பர் தோட்டத்து மாரியம்மன் முன்னால் எரிகிற சூடத்தைக் கையால் அடித்து அணைத்து நான் சொன்னது உனக்கு ஞாபகம் இருக்கும். உன் வீட்டில் தங்க மாட்டேன், உன் கையால் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டேன் என்றேன். சத்தியம் சத்தியம்தான். ஆகவே லாட்ஜுகளைப் பற்றி மட்டும் எழுதவும்.

இப்படிக்கு,
மு. சதாசிவம்
ரயில்வே சரக்கு ஆபீஸ் எழுத்துக் கிராணி


லலித்பூர், காட்மாண்டு
5.7.1983

அண்ணே,

உறையின் மேல் உன் கையெழுத்தைப் பார்த்ததும் யாரோ செத்துவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன். பிரிக்காமல் அரைமணி நேரம் அரிசி டின் மேல் வைத்திருந்தேன். பிரித்தால் லாட்ஜ். முதலில் சிரிப்பு வந்தது, பிறகு அழுகை வந்தது. இரண்டும் முடிந்துவிட்டதால் விசாரணைக்குப் பதில் எழுதுகிறேன்.

தப்பிருந்தால் பொறுத்துக்கொள். இங்கே தமிழ் பேச ஆளில்லை. என் மகள் மாயாவுக்கு மட்டும் கொஞ்சம் வரும், பதினோரு வயதாகிறது. அவள் அப்பாவிடம் நேப்பாளியில் பேசுவேன். சண்டை மட்டும் மலாயில். பத்து காஜா ஈயச் சுரங்கத்தில் ஜாகா என்கிற காவல் வேலை பார்த்தபோது அவர் கற்றுக்கொண்ட மலாய், திட்டுவதற்கு இன்றைக்கும் நன்றாக உதவுகிறது.

பக்கத்து வீட்டுக்காரர் எவரெஸ்ட்டையும் காட்மாண்டுவையும் ஒன்றாக நினைத்துவிட்டார். இந்த ஊர் தானா ராத்தா உயரம்தான். கேமரன் மலைக்குப் போய் ஸ்ட்ராபெரி தின்றுவிட்டு வந்த அண்ணிக்கு இங்கேயும் மூச்சு வரும். தண்ணீர் சீக்கிரம் கொதிப்பது உண்மை. ஆனால் அதில் சூடு பத்தாது. வந்த புதிதில் பருப்பு வேகவே இல்லை. நான் சமைக்க மறந்துவிட்டேன் என்று நினைத்து அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன். பிறகுதான் பக்கத்து வீட்டம்மா, மலையில் பருப்புக்கு அவசரம் கிடையாது என்று சொல்லிக் கொடுத்தாள்.

இப்போது லாட்ஜ். போன வாரம் முழுக்க இதே வேலையாக அலைந்தேன். கோயில் பக்கத்தில் யாத்திரீகர் சத்திரம் ஒன்று இருக்கிறது. சாமியை எட்டிப் பார்க்கலாம். ஆனால் கல் தரை, நவம்பரில் எலும்பு வரைக்கும் குளிரும். ஆற்றங்கரையில் பிணம் எரிகிற புகை நேராக ஜன்னலுக்குத்தான் வருகிறது. பழைய அரண்மனைக்குப் பின்னால் ஒரு தெரு முழுக்க மலிவு லாட்ஜுகள். வெள்ளைக்காரப் பையன்கள் நீள முடியோடு படிக்கட்டிலேயே படுத்திருக்கிறார்கள், அண்ணி அவர்களைத் தாண்டித்தான் போகவேண்டும். ஐம்பத்திரண்டு படி, கைப்பிடி இல்லை. கடைத்தெருப் பக்கம் பெரிய ஓட்டல் ஒன்று. வெந்நீர் உண்டு, லிப்ட் உண்டு. கேட்டால் "இன்று ரிப்பேர்" என்கிறார்கள். நான் மூன்று நாள் போய்க் கேட்டேன், மூன்று நாளும் இன்றுதான் ரிப்பேர். அங்கே எழுபத்தொரு படி.

ஒவ்வொரு இடத்திலும் கட்டிலில் உட்கார்ந்து பார்த்தேன். சத்திரத்தில் கட்டிலே இல்லை.

நவமணி


புந்தோங், ஈப்போ
30.7.1983

நவமணிக்கு,

கடிதம் கிடைத்தது. மூன்று இடம் எழுதியிருக்கிறாய், மூன்றுக்கும் குறை சொல்லியிருக்கிறாய். இது விசாரணைக்குப் பதிலா, அல்லது எங்களை வராதே என்கிறாயா?

மாரியம்மா உன் கடிதத்தை என்னைவிட அதிகத் தடவை படித்துவிட்டாள். "எனக்காகப் படி எண்ணிருக்காங்க பாருங்க" என்று வந்தவர்களிடமெல்லாம் சொல்கிறாள்.

இன்னும் சில விவரங்கள் வேண்டும். அங்கே வீடுகள் எப்படி இருக்கும்? மரமா, செங்கல்லா? நூலகத்தில் ஒரு படம் பார்த்தேன். ஜன்னல் எல்லாம் செதுக்கின மரமாக இருக்கிறது, வாசல் மட்டும் கோழிக்கூடு மாதிரி சின்னதாக இருக்கிறது. ஏன் அப்படி? மக்கள் என்ன சாப்பிடுகிறார்கள்? பனிமலை ஊருக்குள்ளிருந்தே தெரியுமா, பஸ் ஏறிப் போகணுமா? நீ இருக்கிற வீடு எந்த மாதிரி? ஒரு பொது அறிவுக்காகத்தான் கேட்கிறேன்.

தோட்டத்தை விற்றுவிட்டார்கள், உனக்குத் தெரிந்திருக்காது. நாலு வருஷம் ஆகிறது. ரப்பர் மரமெல்லாம் போய் இப்போது தாமான், வரிசையாகக் கல்வீடு. நாம் இருந்த லயத்து வரிசை வீடும் இல்லை, கோயிலும் இல்லை. மாரியம்மனை யார் எங்கே கொண்டுபோனார்கள் என்று யாருக்கும் சரியாகத் தெரியவில்லை. தைப்பிங் பக்கம் என்கிறார்கள் சிலர்.

மு. சதாசிவம்


லலித்பூர்
24.8.1983

அண்ணே,

பொது அறிவுக்காகக் கேட்டதால் சொல்கிறேன்.

வீடு செங்கல். நாலு மாடி, ஆனால் ஒவ்வொரு மாடியும் நம்ம லயத்து அறை அளவுதான், ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி வைத்த மாதிரி. வீட்டுக்கார அம்மாள் கீழே பித்தளைப் பாத்திரக் கடை வைத்திருக்கிறாள், மேலே மூன்றும் எங்களுக்கு வாடகை. சமையலறை உச்சியில், கூரைக்கு அடியில் இருக்கும். இங்கே எல்லா வீட்டிலும் அப்படித்தான். விருந்தாளி வந்தால் நடு மாடியோடு சரி, அங்கேயே உட்காரவைத்து டீ கொடுத்து அனுப்பிவிடுவார்கள். அடுப்படி வரைக்கும் ஏறுகிறவர்கள் வீட்டு ஆட்கள் மட்டும். என் அடுப்படிக்கு இதுவரை என் பிறந்த வீட்டு ஆள் ஒருவரும் ஏறியதில்லை.

பனிமலை அந்த அடுப்படி ஜன்னலிலிருந்தே தெரியும். மழைக்காலம் முடிந்ததும் காலையில் கொஞ்ச நேரம் வெள்ளையாகப் பல் வரிசை மாதிரி நிற்கும். நான் பருப்பைக் கிளறிக்கொண்டே பார்ப்பேன். பல வருஷம் அதைப் பார்த்தாலே கோபமாக இருக்கும், இவ்வளவு பெரிய சுவரைத் தாண்டியா வந்தோம் என்று. இந்தியா அந்தப் பக்கம் இல்லை, இந்தப் பக்கம் என்று மாயா பள்ளிக்கூடத்து மேப்பைக் காட்டியபிறகு கோபம் போய்விட்டது.

வாசல் ஏன் சின்னது என்று வீட்டுக்கார அம்மாளிடம் கேட்டேன். குளிருக்காக என்றாள். அவள் மாமியார் வேறு சொன்னாளாம், யார் வந்தாலும் தலை குனிந்து வரட்டும் என்பதற்காக என்று. எது சரி என்று தெரியவில்லை.

மாயா நீ எழுதியதைப் படித்துக் காட்டச் சொன்னாள். படித்தேன். "மாமா எங்க தங்குவாரு?" என்று கேட்டாள். பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்றேன். "ஏன் பாக்கணும்?" என்றாள். அதற்கு என்னிடம் பதில் இருக்கிறது, ஆனால் சொல்ல முடியாது. உனக்கும் சொல்ல முடியாது. என் வீட்டைப் பற்றிக் கேட்டாய், சொல்லிவிட்டேன். இதற்கு மேல் ஒரு வார்த்தை என்னால் எழுத முடியாது. ஏன் என்று தயவுசெய்து கேட்காதே.

இன்னொரு லாட்ஜ் பார்த்தேன். மூட்டைப்பூச்சி.

அம்மனைத் தேடு அண்ணே. எப்படி யாருக்கும் தெரியாமல் போகும்?

நவமணி


புந்தோங், ஈப்போ
17.9.1983

நவமணிக்கு,

அம்மன் கிடைத்துவிட்டாள். அதை முதலில் சொல்லிவிடுகிறேன், மற்றதைப் பிறகு சொல்கிறேன்.

உன் கடிதம் வருவதற்கு முன்பே நானாக இரண்டு ஞாயிற்றுக்கிழமை தைப்பிங்குக்குப் போய் மழையில் நனைந்ததுதான் மிச்சம். கடைசியில் பார்த்தால் புந்தோங்கிலேயே இருக்கிறாள். பழைய பூசாரியின் மகன் சன்னாசி வைத்திருக்கிற மோட்டார் சைக்கிள் பட்டறைக்குப் பின்னால், ஒரு தகரக் கொட்டகையில். நாலு வருஷமாக நான் எண்ணெய் மாற்றுவது அந்தப் பட்டறையில்தான். பின்பக்கம் எட்டிப் பார்த்ததே இல்லை. தோட்டம் விற்றபோது ஒரு வாரத்தில் காலி பண்ணச் சொன்னார்களாம், சன்னாசி லாரியில் ஏற்றிக் கொண்டுவந்துவிட்டான். "அம்மனுக்கே இன்னும் இடம் பாத்துக்கிட்டுதான் இருக்கோம் லா, அண்ணே" என்றான்.

நான் அவனிடம் ஒரு சந்தேகம் கேட்டேன். சூடம் அணைத்துச் செய்த சத்தியத்தைத் திரும்ப எடுக்க வழி உண்டா என்று. அவன் அப்பா அந்தக் காலத்தில் செய்துவைப்பாராம். "அதே அம்மன் முன்னால சூடம் ஏத்தணும். கோவத்துல சொல்லிட்டேன் தாயே, எடுத்துக்கிறேன்னு சொல்லணும். ஆனா இந்தத் தடவ அணைக்கக் கூடாது. அதுவா எரிஞ்சு அடங்கணும், அது வரைக்கும் நிக்கணும்" என்றான்.

போன வெள்ளிக்கிழமை ஏற்றினேன். கொட்டகையில் காற்று அடித்தது. அணைந்துவிடுமோ என்று கையால் மறைத்துக்கொண்டு நின்றேன். உள்ளங்கை சுட்டது. அன்றைக்கு அடித்து அணைத்ததும் இதே கைதான் என்று அப்போதுதான் தோன்றியது.

அதை முடித்துவிட்டு வீட்டுக்கு வந்தால் உன் கடிதம். வீடு எத்தனை மாடி, அடுப்படி எங்கே, ஜன்னலில் என்ன தெரிகிறது, எல்லாம் இருக்கிறது. "வா" என்ற ஒரு சொல் இல்லை. "இதற்கு மேல் ஒரு வார்த்தை எழுத முடியாது" என்று வேறு எழுதியிருக்கிறாய். எனக்குக் கோபமில்லை, வருத்தம். நான்தான் அதிகமாக நினைத்துவிட்டேன். நீ கூப்பிடாததும் நியாயம்தான், எந்த முகத்தோடு நான் எதிர்பார்க்கிறேன்?

கடைத்தெருப் பக்கமுள்ள அந்தப் பெரிய ஓட்டலில் தங்குகிறோம். ஏஜெண்டிடம் சொல்லிவிட்டேன். எழுபத்தொரு படியை மாரியம்மா நின்று நின்று ஏறிக்கொள்வாள். உன் உதவிக்கு நன்றி.

மு. சதாசிவம்


லலித்பூர்
5.10.1983

அண்ணே,

அந்த ஓட்டலில் நீ தங்கினால் உனக்குக் கதவு திறந்துவிடப் போவது யார் என்று தெரியுமா? உன் சிநேகிதன், மாயாவின் அப்பா தில்பகதூர்தான். ஏழு வருஷமாக அந்த வாசலில்தான் அவருக்கு வேலை. தொப்பி போட்டுக்கொண்டு நிற்பார். நீ வந்தால் சலாம் அடிப்பார், பெட்டியை வாங்கிக்கொள்வார். அது அவர் வேலை, செய்வார். நேற்று உன் கடிதத்தைச் சொன்னேன். "வரட்டும், நல்ல அறையாகக் கொடுக்கச் சொல்கிறேன்" என்று சொல்லிவிட்டுச் சட்டைப் பித்தானைத் துடைத்துக்கொண்டிருந்தார். எனக்குத்தான் தாங்கவில்லை.

இனி மறைத்துப் பயனில்லை. அன்றைக்கு நீ சூடத்தை அணைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனாய். நான் போகவில்லை. தட்டில் பாதிச் சூடம் மிச்சம் இருந்தது. அதை ஏற்றி நானும் அடித்து அணைத்தேன். "நவமணி, உன் வீட்ல தங்கலாமான்னு அவனா வாய் தொறந்து கேக்குற வரைக்கும், நான் அவனை வான்னு சொல்ல மாட்டேன் தாயே" என்றேன். உனக்கு மட்டும்தான் கோபம் வருமா?

அவருக்குக் குடியுரிமை இல்லாதவர்களுக்கான சிவப்புக் கார்டு என்பதால் வேலை பெர்மிட் இல்லை என்று சொல்லி நாட்டைவிட்டுப் போகச் சொன்னார்கள். கட்டிக்கொண்டவள் நான், அவர்கூடவே போனேன். அவரை முதன்முதலில் நம் வீட்டுக்குச் சாப்பிடக் கூட்டிவந்தது நீதான். அதை நீ அன்றைக்கு மறந்துவிட்டாய். அதில்தான் எனக்கு அவ்வளவு வலி.

அந்தச் சத்தியத்தால்தான் அண்ணே எல்லா லாட்ஜுக்கும் குறை சொன்னேன். வேறு எப்படிச் சொல்வேன்? நல்ல லாட்ஜ் இரண்டு இருக்கிறது, எழுதவே இல்லை. ஜன்னல், அடுப்படி, பனிமலை எல்லாவற்றையும் எழுதினால் நீயே கேட்டுவிடுவாய் என்று பார்த்தேன். நீயோ நன்றி என்று எழுதுகிறாய்.

நீ உன் சத்தியத்தை எடுத்ததுபோல என்னுடையதையும் சன்னாசியிடம் சொல்லி எடுத்துவிடலாம்தான். எனக்கு இஷ்டமில்லை. நீ கேட்டால்தான் எனக்கு நெஞ்சு ஆறும். ஒரே ஒரு வரி. உனக்கு அது முடியாவிட்டால், ஓட்டலுக்கு வந்து உன்னைப் பார்த்துவிட்டுப் போகிறேன். நடு மாடி விருந்தாளி மாதிரி டீ குடித்துவிட்டுப் பேசலாம்.

நவமணி


புந்தோங், ஈப்போ
25.10.1983

நவமணி,

நாங்கள் நவம்பர் 18ஆம் தேதி கிளம்புகிறோம். உன் பதில் இங்கே வந்து சேராது. பத்துமலை அண்ணன் காசியில் தங்குகிற மடத்தின் முகவரியை உறையின் பின்பக்கம் எழுதியிருக்கிறேன், அங்கே எழுது. 25ஆம் தேதி வரை அங்கே இருப்போம்.

மாரியம்மா இரண்டு ஸ்வெட்டர் பின்னிவிட்டாள். ஒன்று சின்ன அளவு. யாருக்கு என்று கேட்டேன், "பொது அறிவுக்கு" என்கிறாள். உனக்கு மாசிக் கருவாட்டுத் தூள் கொண்டுவர வேண்டுமா, சைவமாகிவிட்டாயா என்று கேட்கச் சொன்னாள். இங்கே மழை. பட்டறைக்குப் பின்னால் அம்மனுக்குப் புதுத் தகரம் போட்டோம், நானும் சன்னாசியும் ஏறி ஆணி அடித்தோம். இப்போது காற்று உள்ளே வருவதில்லை.

மூன்று தடவை இந்தக் கடிதத்தை இந்த இடம் வரைக்கும் எழுதிக் கிழித்துவிட்டேன். நாள் முழுக்க ஆபீசில் கடிதம் எழுதுகிறவனுக்கு ஒரு வரி வரவில்லை.

தில்பகதூரிடம் சொல். எனக்குச் சலாம் அடித்தானென்றால் அங்கேயே பஸ் ஏறித் திரும்பிவிடுவேன். ஒரே தட்டில் சாப்பிட்டவன் அவன். அதை நான் மறக்கவில்லை. நான் கூட்டிவந்தவனைப் பற்றி என்னிடமே சொல்லாமல் பதிவுக் கல்யாணம் செய்துகொண்டீர்கள் என்றுதான் எனக்கு அன்றைக்கு அப்படி வந்தது. கேட்டிருந்தாலும் வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பேன், அதையும் ஒப்புக்கொள்கிறேன். நான் செய்தது தப்பு.

ஏஜெண்டிடம் ஓட்டல் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். எங்களுக்கு இப்போது அந்த ஊரில் தங்க இடமில்லை.

நவமணி, உன் வீட்டில் தங்கலாமா?

அண்ணன்


லலித்பூர்
9.11.1983

அண்ணே,

வா.

இந்த ஒரு எழுத்தை எழுதுவதற்குள் பேனாவை இரண்டு தடவை கீழே வைத்தேன். மாயா பக்கத்தில் நின்று, "அவ்ளோதானா?" என்றாள். அவ்வளவுதான். அண்ணி, நீங்களும் வாங்க. கருவாட்டுத் தூள் கட்டாயம் கொண்டுவாங்க, பதின்மூன்று வருஷ ஆசை.

பஸ் வந்து நிற்கிற இடத்தில் அவர் நிற்பார். லீவு போட்டுவிட்டார், தொப்பி இருக்காது. சலாமும் இருக்காது. ஆனால் பெட்டியைத் தூக்குவார், அதற்குச் சண்டை போடாதே.

அண்ணிக்குக் கடைக்கு அடுத்த மாடியில் அறை. ஒன்பது படி, கயிறு கட்டியிருக்கிறேன் பிடித்துக்கொள்ள. அங்கே ஒரு கட்டில் கிடக்கிறது. அதை ஜூன் மாதக் கடைசியில் வாங்கினோம், உன் முதல் கடிதம் வந்த மறுநாள். லாட்ஜ் பார்க்க அலைந்ததெல்லாம் அதற்குப் பிறகுதான். வீட்டுக்கார அம்மாள் தினமும் கேட்பாள், யார் படுக்கக் கட்டில் என்று. தெரியவில்லை என்பேன்.

அடுப்படிக்கு இருபத்தேழு படி. அண்ணிக்கு முடியாவிட்டால் சோறு கீழே வரும். உனக்கு வராது. நீ ஏறி வந்துதான் சாப்பிட வேண்டும். பருப்பை விடிந்ததுமே அடுப்பில் வைத்துவிடுகிறேன், நீ வருவதற்குள் வெந்துவிடும்.

ஒன்று மட்டும் ஞாபகம் வைத்துக்கொள். எங்கள் வாசல் ஐந்தடி கூட இல்லை, நீ ஆறடி. குனிந்து வா அண்ணே, நெற்றியில் இடித்துக்கொள்ளாதே.

நவமணி